சைவக் குழி, அசைவக் குழி

தனித்து வாழும் தேனீயும் குளவியும் ஒரே தரையில் ஒரே மாதிரிதான் வளை தோண்டுகின்றன. வித்தியாசம் உள்ளே கொண்டுபோகும் சாப்பாட்டில். இரண்டுக்கும் பொதுவான ஆபத்து, அந்தத் தரையைச் சும்மா கிடக்கும் இடம் என்று நாம் நினைப்பது.

இந்தியத் தத்துவ ஆசிரியர்களுக்கு ஒரு குளவியை ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. அதை வைத்து அவர்கள் உண்டாக்கிய உவமைக்குப் பிரமர கீட நியாயம் என்று பெயர். குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து கூட்டில் அடைக்கிறது. கொட்டுகிறது, சுற்றிச் சுற்றி ரீங்காரமிடுகிறது. பயந்துபோன புழு குளவியையே நினைத்துக்கொண்டு கிடக்கிறது. சில நாட்களில் அதுவும் குளவியாகி வெளியே பறந்துவிடுகிறது. இடைவிடாமல் எதை நினைக்கிறோமோ அதுவாகவே ஆகிவிடுவோம் என்பதற்கு உதாரணமாகத் தலைமுறை தலைமுறையாக இந்தக் கதை சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

கதை சொன்னவர்களின் கண்ணில் கோளாறு இல்லை. புழு உள்ளே போனது நிஜம். குளவி வெளியே வந்ததும் நிஜம். இடையில் நடந்ததுதான் தெரியாமல் போயிற்று. புழுவை அடைத்து வைத்த கூட்டில் குளவி ஒரு முட்டை இட்டிருந்தது. அதிலிருந்து வந்த குஞ்சு, அசைய முடியாமல் கிடந்த புழுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர்ந்தது. புழு குளவியாகவில்லை, குளவிக்குச் சாப்பாடாயிற்று.

இந்தக் கதையில் இடம்பெற்றது, வீட்டுச் சுவரிலும் ஜன்னல் சட்டத்திலும் மண்கூடு கட்டும் குளவி. அது கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. மனிதர்களின் கண்ணெதிரே கட்டியதால் அதற்குப் பெயர் கிடைத்தது, கதை கிடைத்தது. அதன் உறவினர்களில் பலர் தரைக்கடியில் வளை தோண்டி இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்லவில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே போன்ற வளையில், தேனும் மெழுகும் தராத ஒரு தேனீயும் குடியிருக்கிறது என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும்.

தேனீ என்றதும் நினைவுக்கு வருவது கூடு, ராணி, ஆயிரக்கணக்கான வேலைக்காரர்கள். உண்மையில் அது விதிவிலக்கு. உலகில் இதுவரை பெயரிடப்பட்டிருக்கும் தேனீ இனங்கள் சுமார் 20,000. இவற்றில் பெரும்பான்மை தனித்து வாழ்பவை. தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் தரைக்குள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. ராணி இல்லை, சிப்பாய் இல்லை, பொதுக் களஞ்சியம் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென ஒரு வளை தோண்டி, தானே இரை தேடி, தானே முட்டையிட்டு, தானே கதவடைக்கிறது. ஆணுக்கு இனச்சேர்க்கையோடு வேலை முடிந்தது. பெரும்பாலான இனங்களில் குஞ்சு முழு வளர்ச்சி அடைந்து மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வரும்போது தாய் செத்துப்போயிருக்கும். தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. பிள்ளைக்கு வேண்டிய அத்தனையையும் முன்கூட்டியே அறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தனித்து வாழும் குளவிக்கும் நிலைமை இதுதான். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரஸ்யமாகிறது. பிரச்னை ஒன்று. அதற்கு இரண்டு சமையல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அசைவம். குளவிகளுக்கு ஆளுக்கொரு இரை உண்டு. அம்மோபிலா என்ற மெல்லிய இடைக் குளவிக்கு உரோமமில்லாத புழுக்கள். ஸ்பெக்ஸ் குளவிக்கு வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும். பொம்பிலிட் குடும்பத்துக்குச் சிலந்தி. மணலில் வளை தோண்டும் பெம்பிக்ஸுக்கு ஈ. இரை பெரியதாக இருந்தால் ஒரு குஞ்சுக்கு ஒன்று போதும். சிறியதாக இருந்தால் பல வேண்டும். ஆனால் இறைச்சியில் ஒரு சங்கடம். கொன்று வைத்தால் அழுகிவிடும். உயிரோடு வைத்தால் ஓடிவிடும், அல்லது முட்டையை நசுக்கிவிடும்.

பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவரும் பூச்சியியல் அறிஞருமான லியோன் துஃபூர் இந்தப் புதிருக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு விடை சொன்னார். அவர் பார்த்தது ஸெர்ஸெரிஸ் என்ற குளவி. நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் குடும்பத்தைச் சேர்ந்த வண்டுகள்தான் அதற்கு இரை. வளையைத் தோண்டியெடுத்தபோது உள்ளே வண்டுகள் பளபளப்புக் குறையாமல், மூட்டுகள் விறைக்காமல் இருந்தன. குளவி விஷத்துக்குப் பிணத்தைக் கெடாமல் காக்கும் சக்தி இருக்கிறது என்று துஃபூர் முடிவு செய்தார். எகிப்தின் மம்மி மாதிரி.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்த ழான் ஆன்ரி ஃபாப்ர். வேறொரு ஸெர்ஸெரிஸ் குளவியின் வளையிலிருந்து கூன்வண்டுகளை எடுத்துப் பார்த்தார். மின்சாரத்தைத் தொட வைத்ததும் வண்டின் கால்கள் துடித்தன. பிணம் துடிக்காது. 1855ல் ஃபாப்ர் வெளியிட்ட முடிவு இதுதான்: வண்டு சாகவில்லை, குளவி அதன் நரம்பு முடிச்சில் கொட்டி முடக்கியிருக்கிறது. உயிர் இருப்பதால் அழுகவில்லை. முடங்கியதால் ஓடவில்லை. ஃபிரிட்ஜ் வருவதற்குப் பல கோடி வருடங்களுக்கு முன்பே இறைச்சியைக் கெடாமல் வைக்கும் வழி.

ஃபாப்ர் இதை அறுவைச் சிகிச்சை நிபுணரின் துல்லியம் என்று வியந்தார். வியப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜார்ஜ் பெக்கமும் அவர் மனைவி எலிஸபெத்தும் குளவிகளைப் பின்தொடர்ந்து அலைந்து 1898ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். கொட்டு எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. சில இரைகள் செத்தே போகின்றன. குஞ்சு அதையும் தின்று நன்றாகவே வளர்கிறது என்று அவர்கள் கண்டார்கள். குளவி கைதேர்ந்த வேலைக்காரிதான். தவறே செய்யாத இயந்திரம் இல்லை.

இனி சைவம். தேனீயின் வளை பெரும்பாலும் செங்குத்தாக இறங்கும். பக்கவாட்டில் சின்னச் சின்ன அறைகள். தேனீ மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருண்டையாக்கி ஒவ்வொரு அறையிலும் வைத்து, மேலே ஒரு முட்டையிட்டு, மண்ணால் மூடுகிறது. மகரந்தம் ஓடாது, உதைக்காது. ஆனால் ஈரத்தை இழுக்கும், பூசணம் பிடிக்கும். மண்ணுக்குள் ஈரத்துக்கும் பூசணத்துக்கும் பஞ்சமில்லை. எனவே குளவியின் சாமர்த்தியம் கொடுக்கில் இருக்கிறது என்றால், தேனீயின் சாமர்த்தியம் சுவர்ப் பூச்சில் இருக்கிறது. வயிற்றின் கடைக்கோடியில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் திரவத்தை அறைச் சுவர் முழுவதும் தடவுகிறது. அது காய்ந்து தண்ணீர் புகாத மெல்லிய படலமாகிறது. கொலெட்டெஸ் என்ற தேனீயின் பூச்சு செல்லோபேன் காகிதம் போலவே இருக்கும். ரசாயனத்தில் அது ஒரு வகை பாலியெஸ்டர்.

அந்தச் சுரப்பிக்குத் துஃபூர் சுரப்பி என்று பெயர். குளவி விஷத்தைப் பற்றித் தவறாக ஊகித்த அதே துஃபூர் முதலில் விவரித்ததால் வந்த பெயர். குளவியிடம் அவர் தேடிய கெடாமல் காக்கும் மருந்து, உறவுக்காரத் தேனீயிடம் வேறு வடிவத்தில் இருந்தது.

உறவு என்பது அலங்கார வார்த்தை இல்லை. தேனீ என்பதே சைவத்துக்கு மாறிய குளவிதான். 10 கோடி வருடங்களுக்கும் முன்பு, பூக்கும் தாவரங்கள் பூமியில் பரவிய காலத்தில், இரை பிடிக்கும் குளவிக் கூட்டத்தின் ஒரு கிளை மகரந்தத்துக்கு மாறியது. 2018ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, தேனீக்கு மிக நெருங்கிய உறவு இலைப்பேனை வேட்டையாடும் மிகச் சிறிய குளவிகள்தான் என்று காட்டியது. இலைப்பேன் பூக்களில் மொய்க்கும் பூச்சி. மகரந்தம் ஒட்டிய இலைப்பேனைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழகிய ஒரு குளவி, ஒரு கட்டத்தில் பூச்சியை விட்டுவிட்டு மகரந்தத்தை மட்டுமே கொடுக்க ஆரம்பித்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் ஊகம். சாப்பாடு மாறியது. வீடு மாறவில்லை.

சைவம் சாது, அசைவம் கொடூரம் என்று கட்சி பிரித்துவிட வேண்டாம். வயது வந்த குளவியும் பூந்தேன் குடித்துத்தான் வாழ்கிறது. இறைச்சி பிள்ளைக்கு மட்டும். ஐரோப்பாவில் தேனீயையே வேட்டையாடும் ஒரு குளவி உண்டு. ஃபிலாந்தஸ் என்று விஞ்ஞானப் பெயர். தேனீ ஓநாய் என்பது மக்கள் வைத்த பெயர். பூவில் உட்கார்ந்த தேனீயைக் கொட்டி முடக்கி, அணைத்துக்கொண்டு வளைக்குப் பறக்கும். மகளுக்கு அதிகத் தேனீக்கள், மகனுக்குக் குறைவு. மகள் பெரிய உடம்போடு பிறந்தால்தான் நாளை பாரம் தூக்க முடியும்.

இந்த ஓநாயின் தாய்மை ஒரு மருந்துக்கடைக்குச் சமம். அறைக்குள் ஈரம் தங்காமல் இருக்க, இரையின் உடம்பில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைத் தடவுகிறது. அதன் உணர்கொம்புகளுக்குள் ஒரு வகைப் பாக்டீரியா வாழ்கிறது. ஸ்ட்ரெப்டோமைஸின் மருந்து கிடைத்த அதே பாக்டீரியாக் குடும்பம். தாய் அதை அறையின் கூரையில் தடவி வைக்க, புழு அதை எடுத்துத் தன் கூட்டின் இழைகளில் சேர்த்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கும்போது பூசணம் அண்டாமல் காப்பது அந்தப் பாக்டீரியா தயாரிக்கும் ஆன்டிபயாடிக். 2005ல் இது வெளிவந்தது. 2019ல் இன்னொரு தகவல் வந்தது: முட்டையே நைட்ரிக் ஆக்ஸைட் வாயுவை வெளியிட்டு அறையைப் பூசணத்திலிருந்து காக்கிறது. பிறக்காத பிள்ளையே வீட்டுக்குப் புகை போடுகிறது.

வெளியே நின்று பார்ப்பவருக்கு எது எவர் வீடு என்று எப்படித் தெரியும்? வளையைவிட வளைக்கு வருபவரைப் பார்ப்பது சுலபம். தேனீ பெரும்பாலும் பஞ்சு போல ரோமம் மண்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரோமங்கள் இறகு மாதிரி கிளைத்திருக்கும். மகரந்தம் ஒட்ட அதுதான் வசதி. பின்னங்கால்களில் மஞ்சளோ வெள்ளையோ பூசியது போல் மகரந்தத்தோடு வந்து நேராக வளைக்குள் இறங்கிவிடும். குளவி வழவழப்பானது. இடை ஒடுங்கியது. கால்களில் ரோமத்துக்குப் பதிலாக முட்கள். அந்த முட்கள்தான் அதன் மண்வெட்டி. பெம்பிக்ஸ் மணல் தோண்டும்போது நாய் காலால் மண்ணை வாரி இறைப்பது போல இருக்கும். குளவி இரையோடு வந்தால் சந்தேகமே வேண்டாம். தன்னைவிடப் பெரிய வெட்டுக்கிளியை உணர்கொம்பைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வரும்.

தோண்டிய மண்ணைத் தேனீ பெரும்பாலும் வாசலைச் சுற்றியே குவித்து வைக்கும். குட்டி எரிமலை போல நடுவில் துளையோடு ஒரு மேடு. குளவிகளில் பல அந்தத் தடயத்தைக்கூட வைப்பதில்லை. மண்ணைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வாசலைக் கூழாங்கல்லாலும் மண்ணாலும் அடைத்து, இடம் தெரியாமல் செய்துவிடும். அம்மோபிலா சிறு கல்லை வாயில் கவ்விச் சுத்தியல் போல மண்ணைத் தட்டி இறுக்குவதைப் பெக்கம் தம்பதி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பூச்சி கருவியைப் பயன்படுத்துகிறது என்று அந்தக் காலத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்?

மூடிய வாசலை அது மறுபடி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஹாலந்தின் மணல்வெளியில் நிக்கோ டின்பெர்கன் என்ற இளைஞர் கேட்ட கேள்வி இது. தேனீ ஓநாயின் வளையைச் சுற்றிப் பைன் மரக் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி வெளியே போகும்போது ஒருமுறை சுற்றிப் பறந்து இடத்தைப் பார்த்துக்கொண்டது. அது போனதும் காய் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். இரையோடு திரும்பிய குளவி வட்டத்தின் நடுவில் இறங்கித் தேடியது. உண்மையான வாசல் சற்றுத் தூரத்தில்தான் இருந்தது. அது கண்ணில் படவே இல்லை. இந்த ஆராய்ச்சிக்கு டின்பெர்கனுக்கு 1932ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தேனீக்கும் இதே வழிதான். வாசல் அடையாளம் மண்ணில் இல்லை, சுற்றியுள்ள கல், செடி, குச்சி ஆகியவற்றின் அமைப்பில் இருக்கிறது. அதனால் வளையை மிதிக்காமலேயே ஒரு தாயை வீடற்றவளாக்க முடியும். ஒரு பூந்தொட்டியை நகர்த்தினால் அவள் நெடுநேரம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

குளவியின் மூளையைப் பற்றி ஃபாப்ர் சொன்ன ஒரு சோதனை பிரபலம். ஸ்பெக்ஸ் குளவி சுவர்க்கோழியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வருவது வழக்கம். அது உள்ளே போன நேரத்தில் ஃபாப்ர் இரையைச் சற்றுத் தள்ளி வைத்தார். குளவி வெளியே வந்து, இரையை மறுபடி வாசலுக்கு இழுத்து வைத்துவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தது. நாற்பது முறை இப்படிச் செய்தும் குளவி பாடம் கற்கவில்லை. பூச்சிக்குப் புத்தி கிடையாது என்பதற்கு இன்றுவரை இதை எடுத்துக்காட்டுபவர்கள், ஃபாப்ரே அடுத்து எழுதியதை விட்டுவிடுகிறார்கள். வேறொரு கூட்டத்தில் இதே சோதனையைச் செய்தபோது, இரண்டு மூன்று முறை ஏமாந்த பிறகு குளவிகள் இரையை நேராக உள்ளே இழுத்துப் போய்விட்டன.

1941ல் ஹாலந்தின் பேரண்ட்ஸ் கண்டது இன்னும் வியப்பானது. அங்குள்ள ஓர் அம்மோபிலா ஒரே காலத்தில் பல வளைகளை நிர்வகிக்கிறது. காலையில் ஒவ்வொரு வளையையும் இரையில்லாமல் போய்ப் பார்க்கிறது. எந்தப் பிள்ளைக்கு இன்று எத்தனை புழு என்பது அந்த மேற்பார்வையில் முடிவாகிறது. பார்வையிடும் முன் உள்ளே இருந்த புழுக்களை எடுத்துவிட்டால் அதிகமாகக் கொண்டுவரும். பார்வையிட்ட பின் எடுத்தால் ஒன்றும் மாறாது. காலையில் பார்த்த கணக்கை அது நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கிறது.

கொட்டுமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. கையில் பிடித்தாலோ வெறுங்காலில் மிதித்தாலோ கொட்டும். துரத்தி வந்து கொட்டாது. காரணம் குணத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. தேன்கூட்டில் ஆயிரம் வேலைக்காரர்கள் செத்தாலும் ராணி இருக்கிறாள், வம்சம் தொடரும். கூட்டில் தேனும் புழுவுமாகப் பெரும் சொத்து இருக்கிறது; காக்க வேண்டியிருக்கிறது. தனித்த தாய் ஒருத்தி சண்டையில் செத்தால் எல்லாம் முடிந்தது. அதனால் அவள் சண்டைக்கு வருவதில்லை. கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு மாறியது என்பதால் ஆண்களுக்குக் கொடுக்கு கிடையாது. வளைகளுக்கு மேல் கூட்டமாகத் தாழப் பறந்து பயமுறுத்துபவை பெரும்பாலும் அந்த ஆண்கள்தான்.

அமெரிக்கப் பூச்சியியல் நிபுணர் ஜஸ்டின் ஷ்மிட் தன்னைக் கொட்டிய பூச்சிகளின் வலியை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்தார். தேன் தரும் தேனீக்கு இரண்டு. வியர்வையை நக்க வரும் சிறு மண் தேனீக்கு ஒன்று. பெரிய சிலந்திகளை வேட்டையாடும் அமெரிக்கக் குளவி ஒன்றுக்கு நான்கு. தனியாக வாழும் குளவிதான், ஆனால் வலி உச்சம். ஆகவே சீண்டாமல் இருப்பதே நல்லது.

தனிமைக்கும் கூட்டு வாழ்க்கைக்கும் நடுவில் பல படிகள் உண்டு. அதை உலகத்துக்குச் சொன்னதில் இந்திய மண்ணுக்கு ஒரு பங்கு இருக்கிறது. தேன்கூடு, எறும்புப் புற்று, கரையான் புற்று போன்ற முழுமையான சமூக வாழ்க்கையைக் குறிக்க இன்று விஞ்ஞானிகள் யூசோஷியல் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல்லை உருவாக்கியவர் ஸூஸன் பாத்ரா. 1966ல், இந்தியாவின் ஹாலிக்டைன் தேனீக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில். வெளியானது இந்தியப் பூச்சியியல் இதழில். ஹாலிக்டைன்கள் மண்ணில் வளை தோண்டும் சிறு தேனீக்கள். சில தனியாக வாழ்கின்றன. சிலவற்றில் மகள்கள் தாயோடு தங்கி உதவுகின்றன. ஒரே இனம் குளிர்ப் பிரதேசத்தில் தனியாகவும் வெப்பப் பிரதேசத்தில் குடும்பமாகவும் வாழ்வதுண்டு. கூட்டுக் குடும்பத்தின் ஆரம்பப் பாடம் இந்த மண் வளைகளில்தான் இருக்கிறது.

இவற்றால் மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்பவர் கத்தரிக்காயிலிருந்து ஆரம்பிக்கலாம். கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் வெளியே தூவிக் கிடப்பதில்லை. மிளகு டப்பா போல நுனியில் துளையுள்ள பைக்குள் இருக்கிறது. அதை உலுக்கி எடுக்க வேண்டும். நீலப் பட்டைகள் கொண்ட அமெகில்லா, நோமியா போன்ற மண் தேனீக்கள் பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். மகரந்தம் பொடியாகக் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வட இந்தியாவின் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூக்கும்போது ஆண்ட்ரினா என்ற மண் தேனீக்கள் வந்து வேலை செய்கின்றன. குளவிகள் பிடித்து அடைக்கும் புழுவிலும் வெட்டுக்கிளியிலும் பயிர் தின்னும் ஜாதிகள் உண்டு. கூலி கேட்காத காவல்.

ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் தேனீ என்றால் தேன். 2020ல் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு ரூ. 500 கோடி ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம்தான். பெயரே சொல்வது போல அது தேன் தரும் தேனீக்கானது. பெட்டியில் அடைக்க முடியாத, தேன் தராத பெரும்பான்மைக்கு வேண்டியது பணம்கூட இல்லை. வெயில் படும், தண்ணீர் தேங்காத, அடிக்கடி புரட்டப்படாத வெறும் தரை.

அந்தத் தரைக்கு அரசு ஆவணத்தில் வேறு பெயர். 2019ல் வெளியான இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு, நாட்டில் 5.5 கோடி ஹெக்டேருக்கும் மேல் தரிசு என்று கணக்குக் காட்டியது. பரப்பில் சுமார் 17 சதவீதம். புதர்க்காடு, மணல்வெளி, ஆற்றோர மணல், மழைநீர் அரித்த பள்ளத்தாக்கு எல்லாம் அதில் அடக்கம். தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்த வார்த்தை மேம்பாடு. மரம் நடலாம், சோலார் தகடு பதிக்கலாம், மனை போடலாம். தோண்டிப் பார்த்து, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

வயலிலும் இதே கதை. அறைகள் உழவு ஆழத்துக்குள் இருந்தால் ஒரு முறை டிராக்டர் ஓடினால் போதும். மருந்தைப் பூவில் தெளித்தால் தேனீ சாகும் என்பது தெரிந்த விஷயம். மண்ணில் ஊற்றினாலும் ஆபத்து என்பது சமீபத்தில் உறுதியானது. கனடாவின் ஒன்டாரியோவில் பூசணிச் செடிகளுக்கு இமிடாகுளோப்ரிட் மருந்தை மண்ணில் இட்டுச் சோதித்தார்கள். பூசணிப் பூவை நம்பி, அதே வயலில் வளை தோண்டும் தேனீக்கள் 85 சதவீதம் குறைவான வளைகளையே தோண்டின. பிள்ளைகள் 89 சதவீதம் குறைந்தன. 2021ல் வெளியான முடிவு இது. இந்தியாவில் அதே மருந்து விதை நேர்த்திக்கும், கட்டடங்களின் அஸ்திவாரத்தில் கரையான் வராமல் தடுக்கவும் பயன்படுகிறது.

மாற்று வழிக்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குதிரை மசால் விதை எடுக்கும் விவசாயிகளுக்கு ஒரு மண் தேனீ அவசியம். உவர் மண்ணில் வளை தோண்டும் நோமியா. நம் ஊரில் உவர் நிலம் என்றால் ஒன்றுக்கும் உதவாது. அவர்களோ 1950களிலிருந்து வயலுக்கு நடுவே அந்தத் தேனீக்கென்றே நிலத்தை ஒதுக்கி, அடியில் குழாய் வைத்து ஈரம் காத்து, மேலே உப்பைத் தூவிப் பராமரிக்கிறார்கள். பயிர் விளையாத அந்தத் துண்டு நிலம்தான் சுற்றிலும் உள்ள விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

நம் ஊரில் இவ்வளவு செலவு வேண்டியதில்லை. வரப்பின் ஒரு பகுதியைக் கொத்தாமல் விடலாம். பள்ளிக்கூட மைதானம் முழுவதும் சிமெண்ட் கல் பதிப்பதற்குப் பதில் ஒரு மூலையை மண்ணாகவே வைக்கலாம். தரையில் வரிசையாகத் துளைகள் தெரிந்தால் மண்ணெண்ணெய் ஊற்றும் முன் பத்து நிமிஷம் நின்று, வருபவர் காலில் மகரந்தமா வாயில் புழுவா என்று பார்க்கலாம். சைவமோ அசைவமோ, இருவரும் நம் விருந்துக்குத்தான் உழைக்கிறார்கள். ஒரு தாயின் வேலைக் காலம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். அதன்பின் அந்த இடத்தில் தெரிவது வெறும் தரை. அடியில் அறை அறையாக, அடுத்த தலைமுறை உறங்கிக்கொண்டிருக்கும்.